நெய்வேலி கரண்டு: கடலூர், புதுச்சேரி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, பரங்கிப்பேட்டையில் கப்பலில் வந்த நிலக்கரி, காரைக்காலில் இயற்கை எரிவாயு, கடைவீதியில் டீசல். நாலு எரிபொருளில் கரண்டு எடுக்கும் வேலை நம்மைச் சுற்றியே நடக்கிறது. இதில் எரிப்பது சின்ன வேலை. எரிபொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் தண்ணீர், மண், மணல், சாம்பல் இவற்றைச் சமாளிப்பதில்தான் ஆளும் பணமும் போகிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் சாய்வதற்கு அதுவே காரணம்.

நெய்வேலிக் கரிக்கும் மற்ற நிலக்கரிக்கும் என்ன வித்தியாசம்?

சுரங்கத்திலிருந்து அப்போதுதான் வந்த கட்டியைக் கையில் எடுத்தால் தெரிந்துவிடும். கறுப்பாக இருக்காது, காப்பிக்கொட்டை நிறம். நகத்தால் கீறலாம். சில கட்டிகளில் மரத்தின் இழை அப்படியே தெரியும். இரண்டு நாள் வெயிலில் போட்டால் வெடித்து உதிர்ந்துவிடும், ஏனென்றால் அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்: 50 முதல் 55 சதவீதம்.

கிலோவுக்குச் சுமார் 2,400 முதல் 2,700 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். ஒடிசாவிலிருந்து வரும் நிலக்கரியில் 3,300 முதல் 4,000 வரை கிடைக்கும், ஆனால் அதில் சாம்பல் 35 சதவீதத்தைத் தாண்டும். நம் கரியில் சாம்பல் பெரும்பாலும் 3 முதல் 6 சதவீதம்தான். அங்கே கல்லைச் சுமக்கிறார்கள், இங்கே தண்ணீரைச் சுமக்கிறோம்.

இதனால்தான் நெய்வேலிக் கரியை ரயிலேற்றித் தூரமாக அனுப்பி எரிப்பது கட்டுப்படியாவதில்லை. கூலியில் பாதி தண்ணீருக்குப் போய்விடும், போகிற வழியில் தானாகத் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சுரங்கத்து வாயிலிலேயே மின் நிலையத்தைக் கட்டி, பெல்ட்டில் கரியைக் கொண்டுவந்து எரிக்கிறார்கள்.

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரி எரிகிறது?

கணக்கு எளிது. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரி. அதை எடுக்க நெய்வேலி மாதிரி நிலையத்தில் சுமார் 2,750 கிலோ கலோரி எரிக்க வேண்டியிருக்கிறது. கரி கிலோவுக்கு 2,600 என்று வைத்தால், 2,750-ஐ 2,600-ஆல் வகுக்க, 1.06 கிலோ. இது ஜெனரேட்டர் முனையில் உள்ள கணக்கு. நிலையத்தின் சொந்த மோட்டார்கள், மின்விசிறிகள், பம்புகள் 8, 9 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். கம்பியிலும் டிரான்ஸ்பார்மரிலும் இன்னும் 10 சதவீதத்துக்கு மேல் போகும். வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் ஓட, சுமார் 1.3 கிலோ கரி.

மாதம் 200 யூனிட் செலவாகும் வீட்டுக்கு இது 260 கிலோ. ஒன்றரை டன் ஏ.சி. இரவெல்லாம் ஓடி 7, 8 யூனிட் இழுத்தால் 10 கிலோ. உங்கள் வீட்டுக்கு வருவது முழுக்க நெய்வேலிக் கரண்டு இல்லை, காற்றாலை, அணு, சோலார், நீர் எல்லாம் கலந்த கரண்டு. ஆகவே இதை அளவு புரிவதற்கான கணக்காக மட்டும் பாருங்கள்.

100 பங்கு வெப்பத்தில் 31 பங்குதான் கரண்டாகிறது. மீதி எங்கே போகிறது?

சுமார் 20 பங்கு புகைபோக்கி வழியே போகிறது. கரியில் உள்ள தண்ணீரை ஆவியாக்கவே அதில் பெரும்பகுதி செலவு. மீதியில் 47, 48 பங்கு கன்டென்சரில், அதாவது டர்பைனை விட்டு வெளியே வரும் நீராவியை மறுபடி தண்ணீராக்கும் இடத்தில் போகிறது. அந்த வெப்பம்தான் கூலிங் டவர் உச்சியில் வெள்ளையாகக் கிளம்புகிறது.

அப்படியானால் வடலூர் ரோட்டில் போகும்போது தெரியும் வெள்ளைப் புகை மாசு இல்லையா?

இடுப்பு சிறுத்த, அகலமான கான்கிரீட் கோபுரங்களில் வருவது நீராவி. அதற்குப் பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது ஒல்லியாக உயர்ந்து நிற்கும் புகைபோக்கியை. அதில் கண்ணுக்குத் தெரிகிற புகை குறைவாக இருப்பதால் ஒன்றும் வரவில்லை என்று அர்த்தமில்லை. கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நிறமற்றவை அல்லது நீர்த்துப் போனவை.

தூளைப் பிடிப்பது ஈ.எஸ்.பி. என்ற மின்னழுத்த வடிகட்டி. பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் சாம்பல் துகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, தகடுகளில் ஒட்டவைத்து, சுத்தியலால் தட்டி உதிர்க்கும். நன்றாக வேலை செய்தால் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். தகட்டுக்கும் கம்பிக்கும் நடுவே சாம்பல் பாலம் கட்டிக்கொண்டாலோ, கீழே உள்ள கூம்புத் தொட்டியில் சாம்பல் நிரம்பி மேலேறினாலோ அந்தப் பகுதி ஷார்ட் ஆகி நின்றுவிடும். திடீரென்று ஒரு நாள் புகைபோக்கியில் பழுப்புப் புகை தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான், அல்லது யூனிட்டை, அதாவது ஒரு பாய்லர், டர்பைன், ஜெனரேட்டர் சேர்ந்த தொகுதியை, எண்ணெயில் புதிதாகக் கிளப்புகிறார்கள்.

கந்தகத்துக்கு 2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு கொண்டுவந்தது. அதற்கான, புகையிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் எஃப்.ஜி.டி. கருவியைப் பொருத்தும் கெடு பல முறை தள்ளிப்போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். நெய்வேலியில் 2015-ல் ஓடத் தொடங்கிய இரண்டு 250 மெகாவாட் யூனிட்டுகள் வேறு வகை. அவற்றின் பாய்லரில் கரி, சூடான மணல் படுகையில் சுமார் 850 டிகிரியில் மிதந்து எரியும், கூடவே சுண்ணாம்புக் கல் தூளைப் போட்டால் கந்தகம் உள்ளேயே நீரற்ற ஜிப்சமாகிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் சுழலும் மணல் உள்சுவரின் சூடு தாங்கும் கற்களை அரித்தெடுக்கும் என்பது இந்த வகை பாய்லருக்கு எங்குமே உள்ள தலைவலி.

சுரங்கத்தில் ஏன் இரவும் பகலும் தண்ணீர் இறைக்கிறார்கள்? மழைத் தண்ணீரா?

மழைத் தண்ணீர் அதில் ஒரு பங்கு. பெரிய காரணம் கரிப் படுகைக்குக் கீழே இருக்கிறது.

மேலிருந்து பார்த்தால் முதலில் செம்மண், பிறகு கடினமான மணற்பாறை, பிறகு கரி. மேல்மண்ணின் கனம் பல இடங்களில் 50 மீட்டரைத் தாண்டி 100 மீட்டர் வரை போகிறது. ஒரு டன் கரிக்கு 5 முதல் 7 கன மீட்டர் மண்ணை அள்ளிக் கொட்டியாக வேண்டும். பாறையை வெடிவைத்துத் தளர்த்திய பிறகு, சக்கரத்தில் வாளிகள் பொருத்திய ராட்சத இயந்திரம் சுரண்டி பெல்ட்டில் போடும். ஒரு வாளியின் கொள்ளளவு 350, 700, 1,400 லிட்டர் என்று இயந்திரத்துக்குத் தக்கபடி மாறும்.

கரிக்குக் கீழே மணல் அடுக்கில் நிலத்தடி நீர் அடைபட்டுக் கிடக்கிறது. அதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. மேலே மண் இருக்கும்வரை அந்தப் பாரம் தண்ணீரை அமுக்கி வைத்திருக்கும். மண்ணை எடுத்ததும் பாரம் போய்விடும், சுரங்கத் தரை மேலே எழும்பி வெடித்துத் தண்ணீர் பீறிடும். அதைத் தடுக்கத்தான் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, அழுத்தம் குறையும் அளவுக்கு இடைவிடாமல் இறைக்கிறார்கள். தோண்டுகிற கரியின் எடையைப் போலப் பல மடங்கு எடைத் தண்ணீர் இப்படி மேலே வருகிறது. ஒரு பகுதி மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும், ஒரு பகுதி வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்துக்கும் போகிறது. பஞ்ச காலத்தில் சென்னைக் குடிநீருக்கும் நெய்வேலித் தண்ணீர் போயிருக்கிறது.

அதனால் எங்கள் போர்வெல்லில் தண்ணீர் இறங்குமா?

ஒரே நீரடுக்கில் ஓரிடத்தில் அழுத்தத்தைக் குறைத்தால் சுற்றுவட்டாரத்திலும் மட்டம் இறங்கும். எவ்வளவு என்பது தூரம், அடுக்கு, உங்கள் ஊரில் பாசனத்துக்கு எவ்வளவு இறைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சுரங்கம் மட்டுமே காரணம் என்று சொல்வதும், சுரங்கத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்வதும் இரண்டுமே வசதிக்குச் சொல்வது.

மனு கொடுக்கவோ நஷ்ட ஈடு கேட்கவோ போனால் கையில் அளவு இருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் ஜனவரியும், நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். மோட்டாரை முதல் நாள் இரவே நிறுத்திவிடுங்கள், பக்கத்துக் கொல்லை மோட்டாரும் நின்றிருந்தால் இன்னும் நல்லது. நைலான் கயிற்றில் எடை கட்டி இறக்கி, ஈரம் பட்ட இடம்வரை டேப் வைத்து அளக்கலாம். தேதி, போர் ஆழம், மோட்டார் இறக்கிய ஆழம், நீர்மட்டம் நான்கும் வேண்டும். கடலோரமாக இருந்தால் அதே நாளில் ஒரு பாட்டில் தண்ணீரை டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு), குளோரைடு இரண்டுக்கும் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஐந்து வருட நோட்டு இருந்தால், எந்த அலுவலகத்திலும் உங்களை வெறும் கையோடு திருப்பி அனுப்புவது கஷ்டம்.

2023-ல் வளையமாதேவி வயலில் நடந்தது எதனால்?

சுரங்கம் நகர நகர, அதன் பாதையில் இருக்கும் ஓடையையும் நகர்த்த வேண்டும். இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, 2023 ஜூலையில் நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரத்தை இறக்கினார்கள். நிலம் பல வருடங்களுக்கு முன்பே கையகப்படுத்தியது என்று நெய்வேலிச் சுரங்கங்களை நடத்தும் என்.எல்.சி. நிறுவனம் சொன்னது. ஒப்படைக்காத நிலத்தில் விவசாயம் தொடர்ந்து நடந்ததால் பயிர் நின்றது. சென்னை உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நிலத்தை எழுதி வாங்கிய தேதிக்கும் கையில் எடுக்கிற தேதிக்கும் நடுவே வருடக்கணக்கில் இடைவெளி விட்டால் இப்படித்தான் முடியும்.

கரி பாய்லருக்குள் போய் எப்படி எரிகிறது? ஈரக் கரி எரியுமா?

நேராகப் போட்டால் புகையும், எரியாது. அதனால் கரியை அரைக்கும் மில்லுக்குள்ளேயே உலர்த்துகிறார்கள். பாய்லரின் உச்சியிலிருந்து சுமார் 900, 1,000 டிகிரி சூட்டில் எரிந்து முடிந்த வாயுவை மில் தன் சுழற்சியாலேயே உறிஞ்சி இழுக்கும். அந்தக் குழாயிலேயே கரியும் விழும். சில நொடிகளில் தண்ணீர் ஆவியாகி, கனத்த அடிதட்டுகள் கரியை மாவாக்கி பர்னருக்குத் தள்ளிவிடும்.

வெறும் சூடான காற்றை வைத்து உலர்த்தக் கூடாதா என்று கேட்பார்கள். கறுப்பு நிலக்கரிக்கு அப்படித்தான் செய்கிறார்கள். பழுப்புக் கரியின் உலர்ந்த மாவும் காற்றும் சேர்ந்தால் மில்லே வெடிக்கும். பாய்லரிலிருந்து வரும் வாயுவில் ஆக்ஸிஜன் குறைவு, அதுதான் பாதுகாப்பு. மில்லின் எதிரி மணலும் மார்க்கசைட் என்கிற இரும்பு சல்பைடுக் கட்டியும். இரண்டும் கரியோடு கலந்து வந்து அடிதட்டுகளைத் தேய்க்கும், பாய்லர் சுவரில் உருகி ஒட்டிக் கிளிங்கராகக் கட்டிக்கொள்ளும்.

அதன்பிறகு எல்லா அனல் மின் நிலையத்துக்கும் ஒரே கதை. 210 மெகாவாட் யூனிட்டில் நீராவி 540 டிகிரி, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று. ஜெனரேட்டரில் 15.75 கிலோவோல்ட். அதை டிரான்ஸ்பார்மரில் உயர்த்தி லைனில் விடுவார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் உற்பத்தி ஏன் குறைகிறது?

களிமண்ணும் கரியும் நனைந்து பிசினாகிவிடும். வாளியில் ஒட்டும், பெல்ட் வழுக்கும், சரிவுப் பெட்டியில் அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்க பெல்ட்டை நிறுத்தினால் பின்னால் உள்ள எல்லா பெல்ட்டும் வரிசையாக நிற்கும். மில்லுக்கு மேலே கரியைச் சேர்த்து வைக்கும் தொட்டியான பங்கருக்குள் போனாலும் கரி இறங்காமல் பக்கச் சுவரில் ஒட்டி, நடுவில் எலி வளை போல ஒரு துளை மட்டும் விழும். மில்லுக்குக் கரி விட்டு விட்டு வந்தால் தீ ஆடும், தீ அணையாமல் இருக்க எண்ணெய் பர்னரைப் போட வேண்டும். எண்ணெய் விலை கரி விலையில் இல்லை. கூடுதல் ஈரத்தால் வெப்பமும் குறைவதால், அதே கரண்டுக்கு மில்கள் அதிகம் அரைக்க வேண்டும். உதிரியாக ஒரு மில் கூட இல்லாத நாளில் லோடைக் குறைப்பதுதான் வழி.

“யூனிட் ட்யூப் லீக், மூன்று நாள் ஷட்டவுன்” என்று செய்தி வருகிறதே, ஒரு குழாய் ஓட்டைக்கு மூன்று நாளா?

பாய்லரில் குழாய்களின் மொத்த நீளம் கிலோமீட்டர் கணக்கில் வரும். அதில் ஊசித் துளை விழுந்தாலும் 150 கிலோ அழுத்த நீராவி கத்தி மாதிரி பக்கத்துக் குழாய்களை அறுக்கும். ஒன்றில் தொடங்கியது ஆறு மணி நேரத்தில் பத்துக் குழாய் ஆகலாம். ஆகவே தெரிந்ததும் நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

தெரிவது எப்படி என்றால், பாய்லரில் தண்ணீரும் நீராவியும் பிரியும் டிரம்முக்குச் சேர்க்கும் தண்ணீரின் அளவு காரணமில்லாமல் ஏறும், புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேனின் ஆம்பியர் ஏறும், சுற்றி நடக்கிற ஆளுக்குச் சீறல் கேட்கும். லோடைக் குறைத்து யூனிட்டை லைனிலிருந்து எடுத்த பிறகு, மனிதன் உள்ளே போகிற அளவுக்கு ஆறவே ஒரு நாள் பிடிக்கும். அவசரப்பட்டுக் குளிர்ந்த காற்றை அடித்து ஆற்றினால் டிரம்மின் கனமான சுவரில் விரிசல் விழும். பிறகு உள்ளே சாரம் கட்ட வேண்டும், மேலே தொங்கும் கிளிங்கரை முதலில் தட்டி இறக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஆளை உள்ளே அனுப்பக் கூடாது.

ஓட்டை விழுந்த துண்டை மட்டுமல்ல, கனம் தேய்ந்த அக்கம்பக்கத்தையும் அல்ட்ராசானிக் மீட்டரில் அளந்து வெட்டுவார்கள். புதுத் துண்டை வைத்து முதல் அடுக்கை ஆர்கான் வெல்டிங்கில் போடுவார்கள், உலோகக் கலவைக்குத் தக்கபடி வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் சூடேற்றுவார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள், தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். வெல்டிங் என்னவோ சில மணி நேரம்தான். மூன்று நாளில் மீதி எல்லாம் ஆறவைப்பதும் மறுபடி கிளப்புவதும்.

லீக்குக்குக் காரணம் தேடாமல் குழாயை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் அதே இடத்தில் வரும். வெளிப்பக்கம் தேய்ந்து பளபளவென்று தட்டையாக இருந்தால் சாம்பல் அரிப்பு, அல்லது சுவரைக் கழுவும் ஊதுகுழலின் நீராவி நேராகப் படுகிறது. வீங்கி மீன் வாய் போலப் பிளந்திருந்தால் உள்ளே தண்ணீர் ஓட்டம் தடைபட்டுச் சூடேறியிருக்கிறது. வீங்காமல், கனம் குறையாமல் ஒரு துண்டே பெயர்ந்து ஜன்னல் மாதிரி திறந்திருந்தால் தண்ணீர்ச் சுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

கரி தானாகத் தீப்பிடிக்குமா? 2020 விபத்துகள் எப்படி?

பிடிக்கும். உலர ஆரம்பித்த பழுப்புக் கரி காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்துச் சூடாகும். குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் கனன்று எரியத் தொடங்கும். அதனால் குவியலை இயந்திரத்தால் அழுத்தி இறுக்கி வைப்பது, முதலில் வந்ததை முதலில் எடுப்பது, நீண்ட ஷட்டவுனுக்கு முன் பங்கரைக் காலியாக்குவது எல்லாம் அடிப்படை விதிகள். பங்கரில் கனல் இருக்கும்போது ஒட்டிய கரியைத் தடியால் குத்திக் கலைத்தால் தூசு கிளம்பி, கனல் பட்டு வெடிக்கும். முதலில் மந்த வாயுவோ நீராவியோ விட்டு அடக்க வேண்டும், ஆட்களை விலக்க வேண்டும்.

நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் 2020 மே 7, ஜூலை 1 என்று இரண்டு மாதத்துக்குள் இரண்டு பாய்லர் விபத்துகள் நடந்தன. ஜூலை விபத்தில் அன்றே 6 பேர் இறந்தார்கள், சிகிச்சையில் இருந்தவர்களில் மேலும் பலர் பிறகு இறந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் வேலைக்குப் போகிறவர்கள் மூன்றைக் கேட்டுப் பெற வேண்டும்: கையெழுத்திட்ட வேலை அனுமதிச் சீட்டு, அந்தப் பகுதியின் கார்பன் மோனாக்சைடு அளவு, வெளியேறும் வழி எது என்பது. “பாய்லர் ஆஃப்தான், பயமில்லை” என்ற பேச்சை நம்பி இறங்க வேண்டாம். தீ அணைந்த பாய்லரின் பங்கரில் கனல் இருக்கலாம்.

நெய்வேலியில் இப்போது எத்தனை நிலையங்கள்?

என்.எல்.சி. நிறுவனம் தொடங்கியது 1956. முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டியது, 1962-ல் முதல் யூனிட் ஓடியது, மொத்தம் 600 மெகாவாட். 2020 செப்டம்பரோடு அதை மூடிவிட்டார்கள். இப்போது ஓடுபவை: முதல் நிலைய விரிவாக்கம் 420, இரண்டாம் நிலையம் 1,470 (ஏழு 210 யூனிட்டுகள்), அதன் விரிவாக்கம் 500, புதிய நிலையம் 1,000 மெகாவாட். இவை தவிர, நெய்வேலிக் கரியை வாங்கி எரிக்கும் 250 மெகாவாட் தனியார் நிலையம் ஒன்றும் அருகிலேயே உண்டு.

நெய்வேலி பக்கத்தில் இருந்தும் எங்கள் தெருவில் கரண்டு போகிறதே?

தெருவில் கரண்டு போவதற்கும் நெய்வேலியில் யூனிட் நிற்பதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. நெய்வேலி உற்பத்தி தென்மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் புதுச்சேரிக்கும் பங்கு போட்டது. பங்கைத் தீர்மானிப்பது மத்திய அரசு. கரண்டு 400, 230 கிலோவோல்ட் லைனில் தொகுப்புக்குள் கலந்துவிடும். தென்னகத் தொகுப்பு 2013 டிசம்பர் 31-லிருந்து நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்து ஓடுகிறது. ஒரு 210 மெகாவாட் யூனிட் திடீரென்று நின்றால் நாட்டிலுள்ள மற்ற யூனிட்டுகள் அந்தக் குறையைப் பகிர்ந்துகொள்ளும். அதிர்வெண் 50-லிருந்து இம்மியளவு இறங்கி ஏறும், உங்கள் ஃபேனுக்கே தெரியாது.

தெருவில் போவது 11 கிலோவோல்ட் ஃபீடர், டிரான்ஸ்பார்மர் ஃபியூஸ், தென்னை மட்டை. கடலூர் துறைமுகம் தொடங்கி புதுச்சேரிக் கரை வரை இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்று பீங்கான் இன்சுலேட்டரில் படிந்து, மார்கழி விடியலின் பனி அதை நனைத்ததும் பொறி பறந்து லைன் ட்ரிப் ஆகும். விடியற்காலை 4 மணி முதல் 7 மணிக்குள் மட்டும் அடிக்கடி போய் வந்தால் காரணம் அநேகமாக அதுதான். இ.பி.யில் புகார் சொல்லும்போது நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், இன்சுலேட்டரைக் கழுவவோ பாலிமர் இன்சுலேட்டராக மாற்றவோ அது உதவும்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது கடலூரும் புதுச்சேரியும் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததும், சில கிராமங்களில் அதற்கு மேலும் நீடித்ததும், கம்பம் விழுந்ததால். கரி இல்லாமல் இல்லை.

புதுச்சேரிக்குச் சொந்தமாக மின் நிலையம் உண்டா?

சோலாரைத் தவிர்த்தால் ஒன்றே ஒன்று: காரைக்கால் திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம், 2000-லிருந்து ஓடுகிறது. காவிரிப் படுகையில் எடுக்கும் வாயுதான் எரிபொருள். முழு லோடில் ஒரு நாளைக்குச் சுமார் 2 லட்சம் கன மீட்டர் வேண்டும். வாயு டர்பைன் முதலில் கரண்டு எடுக்கும், அதன் சூடான கழிவில் நீராவி உண்டாக்கி இன்னொரு டர்பைன் சுற்றும். சாம்பல் இல்லை, கரிக் கிடங்கு இல்லை. ஒரு யூனிட்டுக்கு வெளியாகும் கரியமில வாயு நெய்வேலிக் கரண்டில் 1.1 முதல் 1.3 கிலோ என்றால், இந்த வகை நிலையத்தில் சுமார் அரை கிலோ. தட்டுப்பாடு வாயுவில்தான். கிணற்றில் அழுத்தம் குறைந்தால் உற்பத்தியும் குறையும், வேறு வழியில்லை. புதுச்சேரியின் மீதித் தேவை பெரும்பாலும் நெய்வேலி உள்ளிட்ட மத்திய நிலையங்களிலிருந்து வாங்குவது.

பரங்கிப்பேட்டை நிலையம்?

இரண்டு 600 மெகாவாட் யூனிட்டுகள், 2015, 2016-ல் உற்பத்திக்கு வந்தவை. இறக்குமதி நிலக்கரி. அதனால் இந்தோனேசிய விலையும் டாலரும் ஏறினால் யூனிட் விலையும் ஏறும், மலிவான கரண்டை முதலில் எடுக்கும் வரிசையில் பின்னுக்குப் போகும். கடலோர நிலையங்களுக்கே உரிய ஓர் ஆபத்து கன்டென்சர் குழாய்க் கசிவு. குளிர்விக்கும் உப்பு நீர் கொஞ்சம் பாய்லர் தண்ணீரில் கலந்தாலும், மேலே சொன்ன ஜன்னல் மாதிரி உடைப்புக்கு அது தொடக்கம்.

நெய்வேலிச் சாம்பலில் செய்த கல்லை வீட்டுக்கு வாங்கலாமா?

தாராளமாக, பார்த்து வாங்கினால். நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம், தண்ணீர் பட்டால் தானாகவே இறுகும். அதுவே பலம், அதுவே வில்லங்கம். ஈ.எஸ்.பி.யிலிருந்து உலர்வாக எடுத்த சாம்பலுக்கு இந்தச் சக்தி முழுதாக இருக்கும். சாம்பல் குளத்திலிருந்து அள்ளியது ஏற்கனவே தண்ணீரோடு வினைபுரிந்து முடிந்தது, அதில் செய்த கல் மண்ணாங்கட்டி. எது என்று சூளைக்காரரிடம் கேளுங்கள். கல்லைத் தண்ணீர் விட்டுப் பதப்படுத்தியது குறைந்தது 14 நாள், 21 நாள் என்றால் இன்னும் நல்லது. அரைகுறையாக விட்டால் வினை முடியாத சுண்ணாம்பு சுவரில் பூசிய பிறகு வீங்கி, பூச்சு பொரிந்து விழும்.

சோதிக்க: இரண்டு கல்லைத் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து கெட்டியான மண் தரையில் விழுந்தால் உடையக் கூடாது. உலர்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடைபோடுங்கள். 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால் வேண்டாம். கட்டும்போது செங்கல் மாதிரி ஊறவைக்க வேண்டியதில்லை, மேலே தண்ணீர் தெளித்தால் போதும். ஊறிய கல்லில் கட்டினால் உலரும்போது சுருங்கி இணைப்புகளில் கோடு விழும்.

பகலில் சோலார் இருக்கிறதே, அனல் யூனிட்டை நிறுத்திவிட்டு மாலையில் போடக் கூடாதா?

டர்பைன் ஆறிப்போன யூனிட்டை மறுபடி கிளப்ப 8, 10 மணி நேரம், அதுவும் எண்ணெய் எரித்து. அதனால் நிறுத்தாமல் லோடைத்தான் இறக்குகிறார்கள். 55 சதவீதத்துக்குக் கீழே பழுப்புக் கரித் தீ நிலையாக நிற்பது கஷ்டம். தினமும் ஏற்றி இறக்கினால் கனமான உலோகம் விரிந்து சுருங்கி ஆயுள் குறையும், ட்யூப் லீக் கூடும். பேட்டரியும், தண்ணீரை மேலேற்றி வைத்து வேண்டும்போது இறக்கிக் கரண்டு எடுக்கும் நீரேற்று நிலையங்களும் போதுமான அளவு வரும்வரை மாலை 6 மணிக்கு மேல் பாரம் இந்த யூனிட்டுகள் தலையில்தான்.

கடைக்கு டீசல் ஜெனரேட்டர் வாங்குகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

முதலில் கணக்கு. 10 கே.வி.ஏ. என்றால் 8 கிலோவாட். சின்ன செட்டில் ஒரு யூனிட்டுக்கு 0.3 முதல் 0.35 லிட்டர் டீசல் போகும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே யூனிட் 27 ரூபாய்க்குக் குறையாது. லைட், ஃபேன், பில்லிங் கம்ப்யூட்டர் மட்டும் என்றால் இன்வெர்ட்டரே போதும். ஃப்ரீஸர், மோட்டார் இருந்தால்தான் ஜெனரேட்டர். மோட்டார் கிளம்பும்போது ஓடும் ஆம்பியரைப் போல 4 முதல் 6 மடங்கு இழுக்கும் என்பதை வைத்து அளவெடுங்கள்.

அதற்காக ரொம்பப் பெரியதும் வாங்காதீர்கள். 30 சதவீதத்துக்குக் கீழே லோடு வைத்து மணிக்கணக்கில் ஓட்டினால் எஞ்சின் சூடேறாது, டீசல் முழுசாக எரியாமல் சைலன்சரில் கறுப்பு எண்ணெயாக ஒழுகும். 60 முதல் 80 சதவீத லோடுதான் அதற்குச் சுகம்.

இ.பி. லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல், பிளக்கைச் சொருகி வீட்டு லைனுக்கு விடும் பழக்கம் கொலைக்குச் சமம். உங்கள் 230 வோல்ட் தெரு டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பிப் போய் 11,000 வோல்ட்டாக ஏறும். கரண்டு இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் மேல் அது பாயும். நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு முனை சுவிட்ச் போடுங்கள். பாடிக்கு இரண்டு எர்த், நியூட்ரலுக்கு இரண்டு எர்த் தனித்தனியாக.

படிக்கட்டுக்குக் கீழோ ஷட்டர் போட்ட கடைக்குள்ளோ ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலி வரும்போதே பாதி மயக்கம். புகைக்குழாய் வெளியே, பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்காமல். 2015 வெள்ளத்தில் கடலூரில் தண்ணீர் எங்கே வரை ஏறியது என்று தெருப் பெரியவர்களைக் கேட்டு, அதற்கு ஓரடி மேலே மேடை கட்டுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் டேங்க் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள், ஆறு மாதத்துக்கு மேல் டீசலைச் சேர்த்து வைக்காதீர்கள். வாரம் ஒரு முறை கால் மணி நேரம் லோடு போட்டே ஓட்டிப் பாருங்கள். புயல் அன்று கிளம்பாத ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு எஞ்சினில் இருக்காது, பேட்டரியில் இருக்கும்.